டீமே படுத்துவிட்டால் ஆட்டம் என்ன ஆகும்? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு விஷயம் குழப்பமாகவே இருக்கும். அரங்கு தயார், எதிரணி தயார், திடீரென்று "ஆட்டம் இல்லை, அணியில் உடல்நலக் குறைவு" என்று அறிவிப்பு வரும். யார் ஜெயித்ததாக அர்த்தம், யார் முடிவு செய்தது என்று ஒன்றும் புரியாது. அப்படி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் 2020, 2021 ஆண்டுகளிலிருந்துதான், ஏனென்றால் விதிகளெல்லாம் சோதனைக்கு வந்தது அப்போதுதான். பழைய கதைகளும் உண்டு. அவற்றில் ஒன்று கோவிட் கதைகள் எல்லாவற்றையும் விட விசித்திரமானது.

காலேஜ் பசங்க ஆடும் மேட்ச் நின்றுபோவது அவ்வளவு பெரிய விஷயமா?

அங்கே பெரிய விஷயம்தான். நம் ஊர் இன்டர்-காலேஜ் போட்டியை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் பிடிபடாது. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அரங்கில் 1 லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். (ஃபுட்பால் என்று இங்கே எழுதுவதெல்லாம் கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டத்தைத்தான்.) மார்ச் மாதக் கூடைப்பந்துத் தொடரான ‘மார்ச் மேட்னஸ்’ ஒரு தோல்வியோடு வீட்டுக்கு அனுப்பும் தொடர். நாட்டில் பாதிப் பேர் அலுவலக நேரத்தில் ஓரக்கண்ணால் பார்ப்பது. இதை நடத்தும் தலைமை அமைப்பு என்.சி.ஏ.ஏ.

1939இல் தொடங்கிய ஆண்கள் தொடர், 2020இல்தான் முதன்முறையாக நடக்காமல் போனது. அந்த மார்ச் 12ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் செயின்ட் ஜான்ஸ், கிரெய்ட்டன் அணிகள் முதல் பாதி ஆடி முடித்து உள்ளே போயின. இரண்டாம் பாதி நடக்கவே இல்லை. அன்றைக்கே தேசியத் தொடரும் ரத்து.

ஆனால் அது ஊருக்கே பொதுவான ரத்து, யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஓர் அணிக்குள் மட்டும் நோய் புகுந்து, எதிரணி ஷூ கட்டிக்கொண்டு நிற்கும்போது ஆட்டம் போகிறதே, அதில்தான் வம்பு.

ரத்து என்று யார் முடிவு செய்கிறார்கள்? டாக்டரா, கோச்சா?

காகிதத்தில் டாக்டர். ஒரு வீரரை ஆட விடலாமா வேண்டாமா என்பதில் பெரிய கல்லூரிகளின் அணி மருத்துவருக்கும் அத்லெட்டிக் டிரெய்னருக்கும் இறுதி அதிகாரம் என்று என்.சி.ஏ.ஏ. விதி சொல்கிறது. கோச் அதை மீற முடியாது. டிரெய்னர் என்றால் அங்கே ஜிம் மாஸ்டர் இல்லை, காயமும் உடல்நலமும் பார்க்கும் மருத்துவப் பயிற்சி பெற்றவர்.

ஆனால் கவனியுங்கள், அது ஒவ்வொரு வீரரைப் பற்றிய முடிவு. ஆட்டத்தைப் பற்றிய முடிவு வேறு இடத்தில் எடுக்கப்படுகிறது. கல்லூரியின் விளையாட்டு இயக்குநர், பத்துப் பதினைந்து கல்லூரிகள் சேர்ந்த ‘கான்ஃபரன்ஸ்’ என்ற கூட்டமைப்பு, தேசியத் தொடர் என்றால் என்.சி.ஏ.ஏ., சில சமயம் உள்ளூர் சுகாதாரத் துறை என்று பல கைகள் அதில் படும். யார் ஆடக்கூடாது என்று டாக்டர் சொல்வார். மீதி இருப்பவர்களை வைத்து ஆட்டம் நடக்குமா என்பதை விதிப்புத்தகம் சொல்லும். அந்தப் புத்தகத்தை எழுதியவர்களுக்கு டிவி அட்டவணையும் தெரியும், கணக்கு வழக்கும் தெரியும். இந்தப் பக்கத்தில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை டாக்டர் சொன்னதில் கிளம்பியவை இல்லை. விதிப்புத்தகத்தில் கிளம்பியவை.

எத்தனை பேர் படுத்தால் ஆட்டம் நிற்கும்?

நோயாளிகளை எண்ணுவதில்லை, எஞ்சியவர்களை எண்ணுகிறார்கள். 2020இல் தென்கிழக்குக் கல்லூரிகளின் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸ் ஃபுட்பாலுக்கு வைத்த கோடு: உதவித்தொகை பெறும் வீரர்கள் 53 பேராவது இருக்க வேண்டும். அதிலும் தாக்குதல் வரிசையில் நிற்கும் பருமனான ஆட்கள் 7 பேர், தற்காப்பு வரிசையின் நடுவில் 4 பேர், பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஒருவர் கட்டாயம். இதில் நியாயம் இருக்கிறது. 130 கிலோ ஆட்கள் மோதும் இடத்தில் 90 கிலோ பையனை நிறுத்தினால் நோயை விடப் பெரிய ஆபத்து அது.

2021 மார்ச் மேட்னஸில் கோடு இன்னும் எளிது: உடம்பு நன்றாக உள்ள 5 பேர் இருந்தால் ஆடலாம். கூடைப்பந்தில் களத்தில் நிற்பதே 5 பேர்தான். அதாவது மாற்று ஆள் ஒருவர்கூட இல்லாமல் ஆடலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள்!

இந்தக் கோடுகளுக்கு மேலே இருக்கும்வரை ஆட்டம் நடக்கும், எப்படி நடக்கும் என்பது வேறு. 2021 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஃபுட்பால் அணி, 20க்கு மேற்பட்ட வீரர்கள் இல்லாமல் அரிசோனாவோடு ஆடப் போனது. அரிசோனா அதற்கு முன் தொடர்ந்து 20 ஆட்டம் தோற்றிருந்தது. அன்று 10-3 என்று ஜெயித்து அந்தச் சாபத்தைத் தீர்த்துக்கொண்டது. அடுத்த சில நாட்களில் பெர்க்லி அணியில் தொற்று உறுதியானவர்கள் எண்ணிக்கை 44. அதற்கடுத்த சதர்ன் கலிஃபோர்னியா ஆட்டத்தை டிசம்பர் 4க்குத் தள்ளினார்கள்.

நோ கான்டெஸ்ட், ஃபார்ஃபிட் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை, எல்லாச் சண்டையும் இங்கேதான் இருக்கிறது. நோ கான்டெஸ்ட் என்றால் அப்படி ஓர் ஆட்டமே இல்லை. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஃபார்ஃபிட் என்றால் நாம் வாக்ஓவர் என்கிறோமே, அது. வராத அணிக்குத் தோல்வி எழுதப்படும். அதற்கு ஒரு கற்பனை ஸ்கோரும் உண்டு: ஃபுட்பாலில் 1-0, கூடைப்பந்தில் 2-0, பேஸ்பாலில் 9-0. தள்ளிவைத்தால் வேறு தேதியில் ஆட்டம் நடக்கும், ஆனால் பருவம் நெருக்கமாக இருந்தால் தேதி கிடைக்காது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதைச் சட்டென்று விளங்க வைக்கலாம். 2021 செப்டம்பரில் மான்செஸ்டர் டெஸ்ட், இந்திய முகாமில் கோவிட் வந்ததால் தொடங்கும் நாள் காலையில் ரத்தானது. இங்கிலாந்து வாரியம் முதலில் வெளியிட்ட அறிக்கையில் இந்தியா ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போனது. அந்த ஒரு சொல்லில்தான் தொடர் 2-1ஆ 2-2ஆ என்பது அடங்கியிருந்தது.

அமெரிக்காவில் 2020இல் பெரும்பாலும் நோ கான்டெஸ்ட். 2021 கோடையில் தடுப்பூசி தாராளமாகக் கிடைத்ததும் பெரிய கான்ஃபரன்ஸ்கள் குரலை மாற்றின: இனி கோவிட்டால் ஆள் சேராவிட்டால் அது ஃபார்ஃபிட், தடுப்பூசி போட்டுக்கொள்ளாதது உங்கள் பாடு. கண்டிப்பாகத்தான் பேசினார்கள். டிசம்பரில் ஓமைக்ரான் வந்தது, தடுப்பூசி போட்ட அணிகளும் வரிசையாகப் படுத்தன. கூடைப்பந்துப் பருவத்தின் நடுவிலேயே பல கான்ஃபரன்ஸ்கள் ஃபார்ஃபிட் விதியைச் சுருட்டி வைத்துவிட்டன.

தேசியத் தொடரின் நடுவில் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2021 மார்ச் மேட்னஸ் முழுவதையும் இண்டியானா மாநிலத்துக்குள்ளேயே, பெரும்பாலும் இண்டியானாபொலிஸ் நகரில், வீரர்களை ஹோட்டலில் அடைத்து வைத்து நடத்தினார்கள். வருவதற்கு முன் தொடர்ந்து 7 நாள் நெகட்டிவ், வந்த பிறகு தினமும் பரிசோதனை. அப்படியும் மார்ச் 20 இரவு ஆரிகனோடு ஆட வேண்டிய வி.சி.யூ. (வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம்) அணியில் பலருக்குத் தொற்று. ஆட்டத்துக்குச் சுமார் 3 மணி நேரம் இருக்கும்போது நோ கான்டெஸ்ட் என்று அறிவித்தார்கள். 5 பேர் போதும் என்ற விதி அப்போதும் புத்தகத்தில் இருந்தது. உள்ளூர் சுகாதாரத் துறையின் ஆலோசனை அதை ஓரம்கட்டிவிட்டது.

மாற்று அணியைக் கொண்டுவர முடியாதா என்று கேட்பீர்கள். நான்கு அணிகளைக் காத்திருப்பில் வைத்திருந்தார்கள், ஆனால் அந்தக் கதவு அட்டவணை வெளியான இரண்டு நாளில் மூடிவிட்டது. ஆரிகன் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போனது. போய், இரண்டாம் தரநிலையில் இருந்த அயோவாவை 95-80 என்று உதைத்தது. "ஓய்வெடுத்துக்கொண்டு வந்தவர்கள்" என்று அயோவா ரசிகர்கள் முணுமுணுத்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

ஓய்வு எப்போதும் உதவும் என்றும் சொல்ல முடியாது. அதே மாதம் ஐஸ் ஹாக்கியில் மிஷிகன் அணி தொற்றால் விலக, மினசோட்டா டுலூத் ஆடாமல் முன்னேறியது. மறுநாள் நார்த் டகோட்டாவோடு ஆடிய ஆட்டம் 5 ஓவர்டைம் போனது. என்.சி.ஏ.ஏ. தொடரிலேயே மிக நீளமான ஆட்டம், 142 நிமிடம். முதல் நாள் மிச்சம் பிடித்த மூச்சையெல்லாம் வட்டியோடு கட்டித்தான் 3-2 என்று ஜெயித்தார்கள்.

என்.சி. ஸ்டேட் பேஸ்பால் அணிக்கு என்னதான் நடந்தது? ஏன் இன்னும் கோபப்படுகிறார்கள்?

இதை விரிவாகவே சொல்ல வேண்டும். 2021 ஜூன், நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹா, பேஸ்பால் தேசியப் பட்டத்துக்கான ‘கல்லூரி உலகத் தொடர்’. நார்த் கரோலைனா ஸ்டேட் பல்கலைக்கழகம் அதுவரை பேஸ்பாலில் தேசியப் பட்டம் பார்த்ததில்லை. இந்த முறை ஸ்டான்ஃபோர்டை வென்றது, நடப்புச் சாம்பியனான வாண்டர்பில்ட்டை 1-0 என்று வென்றது. இன்னும் ஒரு வெற்றி வந்தால் இறுதிப் போட்டி.

ஜூன் 25 வெள்ளிக்கிழமை ஆட்டம் தாமதமாகிறது. காரணம் தெரியாமல் கூட்டம் காத்திருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து என்.சி. ஸ்டேட் 13 பேரோடு இறங்குகிறது: களத்துக்கு 9, பந்து வீச 4. அதை வைத்துக்கொண்டு 3-1 என்றுதான் தோற்றது. இது நேரடி நாக்-அவுட் இல்லை, அதனால் மறுநாள் இன்னொரு ஆட்டம், ஜெயித்தவர் இறுதிக்கு. பையன்கள் தூங்கப் போனார்கள். இரவு 1 மணிக்கு மேல், ஆட்டம் நோ கான்டெஸ்ட், வாண்டர்பில்ட் இறுதிக்கு என்று அறிவிப்பு வந்தது.

கோபத்தின் அடிவேர் பரிசோதனை விதியில் இருக்கிறது. தடுப்பூசி போடாதவர்களுக்கு மட்டும் வழக்கமான பரிசோதனை. போட்டவர்களுக்கு அறிகுறி இருந்தால் அல்லது அருகில் யாருக்காவது வந்தால்தான். போடாத சிலருக்கு வந்தது, உடனே அணி முழுவதையும் சோதித்தார்கள், போட்டவர்களில் சிலருக்கும் இருந்தது. அணித்தோழர் ஊசி போடாமல் இருந்ததால்தான் ஊசி போட்ட என்னையும் சோதித்தார்கள் என்று ஒருவர் நினைத்தால் தப்பு சொல்ல முடியுமா? கோச்சிடம் தடுப்பூசி பற்றிக் கேட்டபோது, பேஸ்பால் சொல்லிக்கொடுப்பதுதான் தன் வேலை, தன் கருத்தைப் பையன்கள் மேல் திணிப்பது இல்லை என்ற தொனியில் பதில் சொன்னார். எனக்கு அது சமாளிப்பாகத்தான் பட்டது. தினமும் பையன்கள் என்ன சாப்பிட வேண்டும், எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும் என்பதில் கோச்கள் கருத்து சொல்லாமலா இருக்கிறார்கள்?

அதே சமயம் என்.சி.ஏ.ஏ. மீதும் கேள்வி உண்டு. வெள்ளிக்கிழமை 13 பேரை ஆடவிட்டவர்கள் அப்போதே நிறுத்தியிருக்கலாம், அல்லது ஒரு நாள் தள்ளியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. வாண்டர்பில்ட் கடைசியில் மிஸிஸிப்பி ஸ்டேட்டிடம் பட்டத்தை இழந்தது.

எதிரணி வரவில்லை என்றால் தயாராக இருக்கும் அணி என்ன செய்யும்?

வேறு ஆளைத் தேடும். இதில் எனக்குப் பிடித்தது 2020 டிசம்பர் கதை. தென் கரோலைனாவில் கடலோரமாக இருக்கும் கோஸ்டல் கரோலைனா என்ற சின்னப் பல்கலைக்கழகம் அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. சனிக்கிழமை லிபர்ட்டி பல்கலைக்கழகத்தோடு பெரிய ஆட்டம். லிபர்ட்டியில் தொற்று. நாட்டின் மறுகோடியில், யூட்டாவில், பி.ஒய்.யூ. (பிரிகம் யங் பல்கலைக்கழகம்) அணியும் தோல்வி காணாமல், ஆட ஆள் கிடைக்காமல் இருந்தது. வியாழக்கிழமை பேசி முடித்தார்கள், சனிக்கிழமை ஆடினார்கள். கல்லூரி ஃபுட்பால் அட்டவணைகள் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்படுபவை என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இதன் வேகம் தெரியும். கடைசி நொடியில் பி.ஒய்.யூ. வீரரை எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் மடக்கி, கோஸ்டல் 22-17 என்று ஜெயித்தது. லிபர்ட்டி ஆரோக்கியமாக இருந்திருந்தால் அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டம் ஒன்று நடந்தே இருக்காது.

2021 ஆண்டுக் கடைசி ‘பௌல்’ ஆட்டங்கள் (வழக்கமான பருவம் முடிந்ததும் அணிகளை அழைத்து நடத்தும் ஃபுட்பால் ஆட்டங்கள்) இன்னும் வேடிக்கை. கேட்டர் பௌலிலிருந்து டெக்சஸ் ஏ அண்ட் எம் விலகியதும், 5 வெற்றி 7 தோல்வி என்று வீட்டுக்குப் போயிருந்த ரட்கர்ஸ் அணியைத் திரும்பக் கூப்பிட்டார்கள், அதுவும் படிப்பில் நல்ல மதிப்பெண் என்ற அடிப்படையில். படித்த பிள்ளைகள் 38-10 என்று தோற்றார்கள். சன் பௌலில் மயாமி இல்லை, அரிசோனா பௌலில் பாய்ஸி ஸ்டேட் இல்லை. ஆள் இல்லாத இரண்டு ஜோடிகளைக் கலைத்து ஒரு ஜோடி சேர்த்தார்கள். சென்ட்ரல் மிஷிகன் ஒரு பௌலிலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் போய் வாஷிங்டன் ஸ்டேட்டை 24-21 என்று வென்றது.

தோல்வி பயத்தில் நோயைச் சாக்காகச் சொல்வதில்லையா?

சந்தேகம் எப்போதும் உண்டு. 2020 நவம்பரில் கிளெம்சன் ஃபுட்பால் அணி ஃப்ளோரிடா ஸ்டேட்டோடு ஆட டாலஹாஸிக்கு விமானத்தில் வந்திறங்கியது, கூடவே வந்த ஒரு வீரருக்குத் தொற்று என்று வந்த பிறகு தெரிந்தது. சனிக்கிழமை நண்பகல் ஆட்டம், காலையில் இரு தரப்பு மருத்துவர்களும் ஒத்துப்போகாமல் தள்ளிவைத்தார்கள். ஃப்ளோரிடா ஸ்டேட் ஆட விரும்பவில்லை, வைரஸ் அதற்கு ஒரு சாக்கு என்று கிளெம்சன் கோச் டாபோ ஸ்வினி வெளிப்படையாகவே சொன்னார். அந்த ஆட்டம் கடைசிவரை நடக்கவில்லை. என்னைக் கேட்டால், தொற்று உள்ள ஆளை விமானத்தில் கூட்டிக்கொண்டு வந்தவர் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம்.

2021 டிசம்பர் 28, சான் டியேகோ, ஹாலிடே பௌல். யு.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணி ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு விலகியது. எதிரே நின்றது யார் தெரியுமா? அதே என்.சி. ஸ்டேட், இந்த முறை ஃபுட்பால் அணி. முன்கூட்டியே சொல்லியிருந்தால் வேறு எதிரியைத் தேடியிருப்போமே, எங்களிடம் மறைத்துவிட்டார்கள் என்று அவர்கள் கோச் கொதித்தார். ஒரே ஆண்டில், ஜூனில் நோயாளியாக நின்று ஆட்டத்தை இழந்த கல்லூரி, டிசம்பரில் ஆரோக்கியமாக நின்றும் இழந்தது.

விதிகள் எல்லோருக்கும் ஒன்றுதானா?

எழுத்தில் ஒன்று. 2020இல் பிக் டென் கான்ஃபரன்ஸ், பட்டத்துக்கான ஆட்டத்தில் இடம்பெறக் குறைந்தது 6 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்றது. ஒஹாயோ ஸ்டேட் 5 ஆட்டம் ஆடி ஐந்திலும் ஜெயித்திருந்தது. ஆறாவது மிஷிகனோடு. மிஷிகன் அணியில் தொற்று, ஆட்டம் ரத்து. 1918இலிருந்து ஓர் ஆண்டுகூட விடாமல் நடந்த போட்டி அது. ரத்தான மறுநாளே கான்ஃபரன்ஸ் கூடி 6 ஆட்ட விதியைத் தூக்கிவிட்டது. இறுதிக்குப் போக இருந்த இண்டியானா ஓரமாக நின்று பார்த்தது. ஒஹாயோ ஸ்டேட் தேசிய இறுதிவரை போனது, அலபாமாவிடம் 52-24 தோல்வி. விதியை இண்டியானாவுக்காகத் தூக்கியிருப்பார்களா என்று கேட்டால், எனக்கு நம்பிக்கை இல்லை.

கோவிட்டுக்கு முன்னால் இப்படியெல்லாம் நடந்ததே இல்லையா?

முன்னுரையில் சொன்ன விசித்திரக் கதைக்கு வருவோம். 1969, மாசசூசெட்ஸ் மாநிலம் வொர்ஸ்டர் நகரம், ஹோலி கிராஸ் கல்லூரி ஃபுட்பால் அணி. பருவத்தின் முதல் ஆட்டம் ஹார்வர்டோடு, 0-13 தோல்வி. இரண்டாவது டார்ட்மத்தோடு, 6-38. வீரர்களுக்குக் காய்ச்சல், குமட்டல், சோர்வு. அப்புறம் கண் மஞ்சளானது. மஞ்சள் காமாலை! நம் வீடுகளில் என்றால் கீழாநெல்லி தேட ஆள் அனுப்பியிருப்பார்கள். வீரர்கள், கோச்கள் என 97 பேரைச் சோதித்ததில் 90 பேருக்கு ஹெப்படைட்டிஸ் ஏ. மீதமிருந்த 8 ஆட்டங்களும் ரத்து. ஓர் அணியின் பருவமே இரண்டு ஆட்டத்தோடு முடிந்தது.

எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தவர்கள் பயிற்சித் திடலின் ஓரத்தில் இருந்த தண்ணீர்க் குழாயில் போய் நின்றார்கள். அந்தக் குழாய்க்கு வரும் வழியில், புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் இணைப்புகள் தரைமட்டத்துக்குக் கீழே ஒரு குழிப்பெட்டிக்குள் இருந்தன. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அந்தப் பக்கம் விளையாடுவார்கள், அவர்களில் சிலருக்கு ஏற்கெனவே காமாலை. சாதாரண நாளில் குழாயில் அழுத்தம் இருக்கும், தண்ணீர் வெளியேதான் வரும், உள்ளே எதுவும் போகாது. ஆனால் ஆகஸ்ட் 29ஆம் தேதி நகரத்தில் தீ விபத்து. தீயணைப்புக்குத் தண்ணீரை இழுத்ததும் அந்தப் பகுதிக் குழாய்களில் அழுத்தம் விழுந்தது. குழியில் தேங்கியிருந்த அசுத்த நீரைக் குழாய் உள்ளே உறிஞ்சிக்கொண்டது. அன்று பயிற்சி முடித்த பையன்கள் தாகத்துக்கு அதில்தான் குடித்தார்கள்.

ஹெப்படைட்டிஸ் ஏ உடம்புக்குள் போய் வெளியே தெரியச் சராசரியாக 4 வாரம் ஆகும். ஆகஸ்ட் 29உடன் 4 வாரம் கூட்டிப் பாருங்கள், செப்டம்பர் 26 வரும். ஹார்வர்டு ஆட்டம் 27ஆம் தேதி. எங்கோ தீ பற்றிக்கொண்டதற்கும் ஒரு ஃபுட்பால் பருவம் முடிந்ததற்கும் இருந்த தொடர்பு இன்றும் தொற்றுநோயியல் பாடங்களில் எடுத்துக்காட்டு.

வேறு வகையும் உண்டு. 1989இல் நியூயார்க் மாநிலத்தின் சியீனா கல்லூரியில் தட்டம்மை. தட்டம்மைக் கிருமி, ஆள் போன பிறகும் 2 மணி நேரம்வரை காற்றில் நிற்கும். அதனால் வீரர்களை ஆடவிட்டு ரசிகர்களைத் தடுத்தார்கள். கான்ஃபரன்ஸ் தொடர் வெறும் நாற்காலிகளுக்கு முன் நடந்தது. ஜெயித்துத் தேசியத் தொடருக்குப் போன சியீனா, 14ஆம் தரநிலையில் இருந்துகொண்டு 3ஆம் தரநிலை ஸ்டான்ஃபோர்டை 80-78 என்று கவிழ்த்தது.

ரத்து செய்யாமல் ஆடிவிட்டால்தான் என்ன?

1998 செப்டம்பரில் டியூக் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி, ஃப்ளோரிடா ஸ்டேட்டோடு ஆடப் புறப்படும் முன் பொட்டலச் சாப்பாடு சாப்பிட்டது. வான்கோழி சாண்ட்விச்சில் நோரோவைரஸ் வகைக் கிருமி. பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆனாலும் ஆடினார்கள், மைதானத்திலேயே வாந்தி எடுத்தார்கள். ஃப்ளோரிடா ஸ்டேட் 62-13 என்று ஜெயித்தது, பரிசாக நோயையும் வாங்கிக்கொண்டது. எதிரணி வீரர்கள் அந்தச் சாப்பாட்டைத் தொடக்கூட இல்லை. கைக்குக் கை, சட்டைக்குச் சட்டை மோதியதிலேயே வந்தது. இரு அணியினரிடமும் இருந்தது ஒரே கிருமி என்று மரபணுச் சோதனை காட்டியது, பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரையாகவும் வந்தது.

நோரோவைரஸுக்கு மிகச் சில துகள்களே போதும். ஆல்கஹால் சானிட்டைசர் அதைச் சரியாகக் கொல்லாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். வாந்தி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை மற்றவர்களோடு சேரக் கூடாது என்பது வழக்கமான அறிவுரை. வாரக் கடைசியில் ஆட்டம் வைத்துக்கொண்டு வியாழக்கிழமை ஒருவர் வாந்தி எடுத்தால் கணக்கு எப்படிப் போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பணம் என்ன ஆகும்?

ரசிகருக்கு டிக்கெட் பணம் பெரும்பாலும் திரும்ப வரும், விமானமும் ஹோட்டலும் அவர் பாடு. உண்மையான அடி சின்னக் கல்லூரிக்கு. பெரிய கல்லூரிகள் சின்ன அணிகளைக் கூப்பிட்டு, வந்து தோற்றுப்போகப் பெரிய தொகை கொடுக்கும். சில சின்னக் கல்லூரிகளின் விளையாட்டுத் துறையே அதில்தான் ஓடுகிறது. ஆட்டம் ரத்தானால் ஒப்பந்தத்தில் உள்ள ‘எதிர்பாராத பேரிடர்’ பிரிவை வைத்து வக்கீல்கள் பேசுவார்கள். 2020இல் என்.சி.ஏ.ஏ. தன் கல்லூரிகளுக்கு 60 கோடி டாலர் பகிர்வதாக இருந்தது, 22.5 கோடிதான் கொடுக்க முடிந்தது. காப்பீடு 27 கோடி வந்திருக்காவிட்டால் அதுவும் இல்லை.

ஆட்டம் போனால் மாணவரின் ஒரு வருடமும் போய்விடுமா?

ஒன்றிரண்டு ஆட்டம் போனால் எதுவும் திரும்பி வராது. பொதுவாக 5 ஆண்டுக்குள் 4 பருவம் ஆடலாம் என்பது கணக்கு. 2020 வசந்தத்தில் பருவமே போனவர்களுக்குக் கூடுதலாக ஓர் ஆண்டு கொடுத்தார்கள். அதே மார்ச்சில் தேசியத் தொடரை இழந்த கூடைப்பந்து வீரர்களுக்குக் கொடுக்கவில்லை, உங்கள் பருவம் ஏறக்குறைய முடிந்துவிட்டதே என்றார்கள். கடைசி ஆண்டுப் பையனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த பருவத்தில் ஆடிய எல்லோருக்கும் ஓர் ஆண்டு சேர்த்துக் கொடுத்தார்கள். அதனால்தான் சில காலம் அணிகளில் 24, 25 வயதுக்காரர்கள் நிறையத் தென்பட்டார்கள்.

ரத்தான ஆட்டம் எப்போதாவது திரும்ப நடக்குமா?

கோன்ஸாகா, பேலர் கதையைக் கேளுங்கள். 2020 டிசம்பர் 5, இண்டியானாபொலிஸ். கூடைப்பந்துத் தரவரிசையில் முதல் இரண்டு இடத்தில் இருந்த அணிகள். கோன்ஸாகா முகாமில் தொற்று, ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் இருக்கையில் ரத்து. வேறு தேதி பார்க்கலாம் என்றார்கள், கிடைக்கவில்லை. கோன்ஸாகா ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் 31 வெற்றியோடு தேசிய இறுதிக்கு வந்தது. எதிரே பேலர். அதே நகரம், சரியாக 4 மாதம் கழித்து, ஏப்ரல் 5. தொடக்கத்திலிருந்தே பேலர் முன்னால் போனது, 86-70.